கேட்டில் முளைத்த மேசைக்கால்

மனித குலத்தில் வீட்டு வெல்டர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் வீட்டு விளக்கு திடீரென்று கண்ணடிக்க ஆரம்பித்தால், அவர் ஆபீஸிலிருந்து வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம். பட்டறை வைத்துப் பிழைக்கிறவரை நான் சொல்லவில்லை. அவர் பாவம், முகமூடியைக் கவிழ்க்கிறார், ஒட்டுகிறார், கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறார். அவருக்குப் பேச ஏது நேரம்? நான் சொல்கிறவர் பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பி, ஓட்டை விழுந்த பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்து ஷெட்டில் இரும்போடு இரும்பை ஒட்டப் பார்த்து, அது ஒட்டாமல் போனதும், ஏன் ஒட்டவில்லை என்று ஆராய்ச்சியில் இறங்குகிறவர். ஒட்டுவதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். ஒட்டாததற்குக் காரணம் கண்டுபிடிப்பதில்தான் அவருடைய ஜென்மமே சாபல்யம் அடைகிறது.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். முன்கை முழுக்கப் பொட்டுப் பொட்டாய்ச் சுட்ட தழும்பு இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் ஜன்னல் கம்பியை ஒரு தடவு தடவுவார். அப்புறம் "ச்சு" என்பார். "யாரு போட்டது இது?" என்று கேட்பார். வீட்டுக்காரர் யாரோ ஒரு பட்டறைக்காரரின் பெயரைச் சொன்னால், துக்கம் விசாரிக்க வந்தவர் போல மெல்லத் தலையை ஆட்டுவார். அந்த ஜன்னல் இருபது வருஷமாக அசையாமல் நிற்கிறதே என்று நீங்கள் வாதாடக் கூடாது. "நிக்குது, இல்லேங்கல. ஆனா எப்படி நிக்குது?" என்று அவர் திருப்பிக் கேட்பார்.

நாம் பார்க்கப்போகிறவருக்குத் தெருவில் வைத்த பெயர் ஸ்பார்க்கு. காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் விபத்து ஆய்வாளர். இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால் இடத்தைப் போய்ப் பார்த்து, தப்பு யார் மேல் என்று எழுதிக் கொடுக்கிற உத்தியோகம். இருபத்தாறு வருஷமாக அதைச் செய்து செய்து, எந்த விபத்தைக் கண்டாலும் தப்பைத் தூக்கி யார் தலையிலாவது வைத்துவிட்டுத்தான் அவருக்குத் தூக்கம் வரும். தன் தலை மட்டும் அந்தக் கணக்கில் வராது. ஆய்வாளர் எங்கேயாவது மோதுவாரா?

ஆபீஸ் பழக்கத்தில் வெல்டிங்குக்கும் ஒரு நீள நோட்டுப் போட்டிருந்தார். பக்கத்துக்கு மூன்று கட்டம்: தேதி, கோளாறு, காரணம். ஒன்பது வாரத்தில் நாற்பது பக்கம் நிரம்பியிருந்தது. காரணக் கட்டத்தில் கரண்ட் பதினான்கு தடவை வந்திருந்தது, காற்று பதினொரு தடவை, ராடு என்கிற வெல்டிங் குச்சி எட்டுத் தடவை, "இந்தக் காலத்து இரும்பு" ஆறு தடவை. ஒரு தடவை நாயும் வந்திருந்தது. கை என்ற சொல்லைத் தேடினால் மொத்த நோட்டிலும் ஓர் இடத்தில் அகப்படும்: "கையுறை சரியில்லை."

நாற்பது பக்கமும் ஒரே ஒரு கீலைப் பற்றியவை. வாசல் கேட்டின் மேல் கீல் ஒருநாள் உடைந்துவிட்டது. அடுத்த தெருப் பட்டறையில் சொல்லியிருந்தால், அங்கே இருக்கிறவர் ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டே மறு கையால் ஒட்டிவிட்டுப் போயிருப்பார். ஸ்பார்க்குக்கு மனசு கேட்கவில்லை. சூட்கேஸ் அளவில் ஒரு வெல்டிங் மெஷினை வாங்கி, பஸ்ஸில் கூட்ட நெரிசலில் யாரும் இடித்துவிடாமல் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். கேட்டை அப்படியே கழற்றி ஷெட்டுக்குக் கொண்டுபோனார். வேலை செய்ய ஒரு கனத்த இரும்பு மேசை வாங்கினார். பட்டறை என்றால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா? மேசைக்குத் தலை முதல் கால் வரை பளபளவென்று நீலப் பெயின்ட் அடித்தார். ஒரு கோட்டு போதாதென்று இரண்டாவது கோட்டும் அடித்தார். அந்தப் பெயின்ட்டை மறந்துவிடாதீர்கள். அவர் மறந்துவிட்டார்.

கேட் போன இடத்தில் ஒரு பழைய கட்டிலைச் சாய்த்து நிறுத்திக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஸ்பார்க்கின் மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவர். அளவு கொடுக்க வருகிறவர்கள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுப்பார்கள்; சிலர் தைரியமாகத் தாண்டுவார்கள். அப்படித் தாண்டிய ஒரு அம்மாள், தைக்கக் கொண்டுவந்த துணியோடு, தாண்டும்போது கிழிந்த துணியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் நாளே உள்ளே புகுந்த ஒரு தெருநாய், கட்டிலைக் கட்டியபின் வெளியே போகும் எண்ணத்தை விட்டுவிட்டு, ஷெட் மூலையில் குடித்தனம் போட்டுவிட்டது.

இனி ஆராய்ச்சியைப் பார்ப்போம். முதல் வாரம் ராடு போய் இரும்பில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேனென்றது. கீல் ஒட்ட வேண்டிய இடத்தில் ராடு ஒட்டினால் என்ன அர்த்தம்? ஈரம் என்று தீர்ப்பாயிற்று. ராடுகளையெல்லாம் பொறுக்கி, மனைவி கேக் சுடுகிற அடுப்புக்குள் தட்டில் வரிசையாக அடுக்கினார். மனைவி அடுப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "இது எவ்வளவு நேரத்துல வேகும்?" என்று கேட்டார்.

"ஒரு மணி நேரம்," என்றார் ஸ்பார்க்கு, கேலி செய்கிறார்கள் என்ற சந்தேகமே இல்லாமல்.

ராடு காய்ந்தது. கீல் ஒட்டவில்லை. மூன்றாவது வாரம் ஒட்டின இடமெல்லாம் பிய்த்துப் போட்ட ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது. காற்று என்று தீர்ப்பாயிற்று. வீட்டிலிருந்த போர்வைகளைத் திரட்டி ஷெட்டைச் சுற்றிக் கட்டினார். பொறி தெறித்ததில் இரண்டு போர்வைகள் நட்சத்திரம் பூத்தன. கேட்டின் துருவையும் பழைய பெயின்ட்டையும் சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும் என்று மெஷினோடு வந்த புத்தகத்திலேயே முதல் பக்கத்தில் போட்டிருந்தது. முதல் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? அது கற்றுக்குட்டிகளுக்காகப் போட்டது.

ஐந்தாவது வாரம் பொறி வருவதும் போவதுமாக இருந்தது. பொறி வந்தால் நாலு எண்ணுவதற்குள் அணைந்துபோகும். ஸ்பார்க்கு அமைதியாக முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு லாரி டிரைவரைப் போய்ப் பார்த்தார்.

"நீங்க ஆறு மணிக்குத் தண்ணி மோட்டார் போடறீங்க இல்ல? அதுல என் ஆர்க் செத்துப்போகுது."

"ஐயோ! எப்பங்க?" என்று டிரைவர் பதறி எழுந்தார்.

"ஆர்க்குன்னா பொறிங்க. வெல்டிங் பொறி."

"அடச்சே. வீட்டுல யாருக்கோ என்னவோன்னு பயந்துட்டேன். சரி, ஏழு மணிக்குப் போட்டுக்கறேன், போங்க."

நல்ல மனுஷர். லாரியில் பகலெல்லாம் வெந்து வந்து, ஏழு மணி வரை வேர்வையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். கீல் ஒட்டவில்லை. மோட்டார் மேல் தப்பில்லை என்று நோட்டில் ஏறியது. அதை டிரைவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று மட்டும் நம்மவருக்குத் தோன்றவில்லை. அந்த மனிதர் இன்னமும் ஏழு மணிக்குத்தான் குளிக்கிறார்.

ஒன்பதாவது வாரம் செவ்வாய்க்கிழமை மனைவியின் பொறுமை அறுந்தது. ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை. கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வர்றாரு."

அந்த அண்ணன், ஸ்பார்க்கின் மச்சான், கப்பல் கட்டும் துறையில் முப்பது வருஷமாக வெல்டர். கடலுக்கடியில் போகிற குழாயைக்கூட ஒட்டியவர். மெஷின் வாங்கிய சேதியை அவரிடம் சொல்லவே கூடாது என்று ஸ்பார்க்கு வீட்டில் தடை போட்டிருந்தார்.

"வரட்டுமே. தாராளமா வரட்டும்," என்றார் ஸ்பார்க்கு.

"அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள கேட் வாசல்ல தொங்கணும். இல்லேன்னா அந்த மெஷினை அண்ணன்கிட்டயே குடுத்தனுப்பிடுவேன். அவர் பட்டறையில யாருக்காவது ஆகும்."

"என்ன பேச்சு இது? கோளாறு எங்கன்னு கிட்டத்தட்டப் புடிச்சுட்டேன்."

"ஒம்பது வாரமா கிட்டத்தட்டத்தான் புடிச்சிட்டிருக்கீங்க."

சிரிக்காதீர்கள், அந்த மனிதர் அன்றைக்கு நிஜமாகவே கலங்கிப்போனார். பகலெல்லாம் போனில் "தப்பு என் மேல இல்ல சார், அவன் மேலதான்" என்று ஊரே அவர் காதில் கத்துகிறது. சாயங்காலம் அந்த முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டால் இருட்டில் ஒரு சின்ன வெளிச்சம் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். மெஷின் போய்விட்டால் அதுவும் போய்விடும். அவருக்கு அந்த மெஷின் மேல் உயிர்.

சனிக்கிழமை மத்தியானமே இறங்கிவிட்டார். அதுவரை கண்டுபிடித்த அத்தனை பரிகாரங்களையும் ஒரே நேரத்தில் செய்தார். சுற்றிலும் போர்வை கட்டினார். அடுப்பிலிருந்து எடுத்த ராடுகளைத் துண்டில் சுற்றிப் பச்சைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்தி வந்தார். சுருண்டு கிடந்தால் கரண்ட் தேங்கிவிடும் என்று ஒயரைக் கூடம் வழியாக, தையல் மெஷினைச் சுற்றி, நேராக இழுத்துவிட்டார். டிரைவரிடம் இன்னொரு தடவை ஞாபகப்படுத்தினார். நாயை வெளியேற்றப் பார்த்தார், அது போகவில்லை. கடைசியாக, கரண்டைக் கூட்டிக் குறைக்கிற மெஷின் திருகைத் திருப்பினார். ஒன்பது வாரத்தில் அது மெல்ல மெல்ல ஏறி முக்கால்வாசிக்கு வந்திருந்தது. இப்போது கடைசிக் கோடு வரை திருப்பிவிட்டார்.

அப்படியும் பொறி வந்து வந்து அணைந்தது. ஒட்டின கீலை ஒரு தட்டுத் தட்டினார், கழன்று கீழே விழுந்தது.

டீ ஆறிப்போகிறது என்று சொல்ல வந்த மனைவி, போர்வையை விலக்கிக்கொண்டு நின்றார். தையல்காரர் கண் இருக்கிறதே, அது எப்போதும் துணியின் ஓரத்தைத்தான் முதலில் பார்க்கும்.

"ஏங்க, பொறி ராடு நுனியில வரணுமா, மேசைக்கால்ல வரணுமா?"

"ராடு நுனியிலதான். ஏன்?"

"அந்தக் கால்ல ஒரு கவ்வி மாட்டி வெச்சிருக்கீங்களே, அங்கயும் சடசடன்னு வருதே. பெயின்ட் வேற கருகுது."

"அது எர்த்து, கரண்ட் திரும்பிப் போற வழி. அப்படித்தான் வரும்."

"எதுக்கு வரணும்?"

"சொன்னா உனக்குப் புரியாது. ராடு தடிமன் பத்தல, அதான் கோளாறு. கடைக்குப் போயிட்டு வந்துடறேன்."

அவர் கட்டிலைத் தாண்டிக் குதித்துப் போனார். மனைவிக்கு வெல்டிங் தெரியாது. ஆனால் தையல் விட்டுப்போனால் ஊசியைப் பார்க்க வேண்டும், நூலைப் பார்க்க வேண்டும், அதிலும் ஒன்றுமில்லை என்றால் தைத்தவளைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். கவ்வி பிடித்திருந்தது இரும்பை அல்ல, இரண்டு கோட்டுப் பெயின்ட்டை. அது எப்படிக் கரண்டை விடும்? உப்புத்தாளை எடுத்து, மேசை மேல் கிடந்த கேட்டின் ஓரச் சட்டத்தில் ஒரு சாண் அளவுக்குப் பழைய பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்தார். கீல் உட்கார வேண்டிய இடத்தையும் பளிச்சென்று தேய்த்தார். கவ்வியை மேசைக்காலிலிருந்து பிடுங்கிக் கேட்டில் மாட்டினார். அவர் வந்ததும் சொல்லலாம்தான். சொன்னால் அரை மணி நேரம் விளக்கம் கேட்க வேண்டும். சாயங்காலத்துக்குள் ஆறு பள்ளிக்கூடச் சீருடைக்குப் பொத்தான் கட்டியாக வேண்டும். பேசாமல் உள்ளே போய்விட்டார். திருகு கடைசிக் கோட்டில் நிற்பது அவருக்குத் தெரியாது.

ஸ்பார்க்கு தடித்த ராடோடு வந்தார். முகமூடியைக் கவிழ்த்தார். ராடை உரசினார்.

அடேயப்பா! இதுவரை பெயின்ட்டுக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்த கரண்ட் முழுக்க ஒரே மூச்சில் பாய்ந்தது. ஷெட் பட்டப்பகல் ஆனது. நாய் ஒன்பது வாரத்தில் முதல் தடவையாக எழுந்து நின்றது. டிரைவர் வீட்டில் மோட்டார் ஓடாமலேயே விளக்கு மங்கியது. இரும்பு வெண்ணெயாய் உருகி ஓடியது. கீல் உருகி, அதற்குக் கீழே சட்டம் உருகி, அதற்கும் கீழே இருந்தது எதுவோ அதுவும் உருகி, எல்லாம் அன்னியோன்னியமாய் ஒன்று கலந்தன. முகமூடிக்குள் ஸ்பார்க்குக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"காத்து நின்னுடுச்சுடா!" என்று நாயிடம் கத்தினார். நல்ல சமயத்தை நழுவ விடக்கூடாதென்று, உடையாத கீழ்க் கீலையும் ஒரு கை பார்த்தார். நடுவில் ஓர் இடத்தில் சும்மாவே ஒரு போடு போட்டார். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து ஆறிப்போன டீயைக் குடித்தார். அத்தனை ருசியான டீயை அவர் ஜென்மத்தில் குடித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மச்சான் வந்தார். கட்டிலைத் தாண்டி உள்ளே வந்தார். ஸ்பார்க்கு அவரை நேராக ஷெட்டுக்கு அழைத்துப் போனார்.

"கேட் ரெடி மச்சான். தூக்கி மாட்டறது ஒண்ணுதான் பாக்கி. அந்தப் பக்கம் புடிங்க."

மச்சான் பிடித்தார். இரண்டு பேரும் தம் கட்டித் தூக்கினார்கள்.

"கேட் ரொம்பக் கனமா இருக்கே மாப்ளே."

"பழைய காலத்து இரும்பு மச்சான்."

கேட் எழுந்தது. கூடவே மேசையும் எழுந்தது. மேசை மேலிருந்த சுத்தியல் உருண்டு வந்து ஸ்பார்க்கின் காலில் விழுந்தது. அவர் நொண்டி ஆடி முடிக்கும்வரை மச்சான் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, குனிந்து அடியில் பார்த்தார். மூன்று இடத்தில் கேட்டும் மேசையும் சயாமிய இரட்டையராய் ஒட்டிக் கிடந்தன. மச்சான் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். உளியை வைத்து ஓங்கி அடித்தார். உளியின் முனை மழுங்கியது. அவர் முகம் மாறியது.

"யாரு போட்டது இது?"

வேறொருவர் வாயிலிருந்து இந்தக் கேள்வி வரும்போது அதற்கு எத்தனை எடை என்பது ஸ்பார்க்குக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "நான்தான் மச்சான்," என்றார் ஈனஸ்வரத்தில்.

"முப்பது வருஷமா இதே தொழில்ல இருக்கேன் மாப்ளே. இரும்பு கிழியும், இந்த ஜாயிண்ட் பிரியாது. கப்பலுக்குப் போடலாம் இதை."

மனைவி கையில் இன்ச் டேப்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "சந்தோஷம். கிரைண்டரை எடுத்து ஒட்டின இடத்தை வெட்டி விடுங்க அண்ணே. கேட்டை மாட்டணும்."

இந்த இடத்தில் சாதாரண மனிதர் என்ன செய்வார்? வெட்டச் சொல்வார். வெட்டினால் கேட் தொங்கும், கேட் தொங்கினால் மெஷின் தங்கும். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நம்மவர் ஓடிப்போய் ஒட்டின இடத்தின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

"இதுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது!"

"ஏங்க, அப்ப மெஷின் போகட்டுமா?"

"மெஷினும் போகக் கூடாது!"

"கேட்?"

அவர் கேட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒட்டினதை வெட்டச் சொல்கிறார்கள். வெட்டாவிட்டால் இனி ஒட்டவே முடியாமல் போகும். மத்தியானச் சாப்பாட்டுக்கும் அவர் எழுந்து வரவில்லை. தட்டு ஷெட்டுக்குப் போனது. பாதியை நாய் சாப்பிட்டது. மணி நாலு, ஐந்து ஆயிற்று. வெயில் கட்டில் மேல் சாய ஆரம்பித்தது. மனைவி மெஷினைத் துடைத்து, ஒயரைச் சுற்றி, மச்சானின் பைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

மச்சானுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஷெட்டுக்குப் போய் மெதுவாகக் கேட்டார்: "ஜாயிண்ட்டை வெட்ட வேணாம். மேசையை வெட்டலாமா மாப்ளே?"

ஸ்பார்க்கு தலையைத் தூக்கினார். "மேசை போனாப் போகட்டும் மச்சான்."

பொழுது சாயக் கால் மணி இருக்கும்போது கேட் வாசலில் தொங்கியது. அதோடு மேசையின் ஒரு பக்கத்து ஓரமும் தொங்கியது. அந்த ஓரத்திலிருந்து ஒரு முழு நீலக் கால், பெயின்ட் கெடாமல், தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. கேட்டைத் திறக்கும்போதெல்லாம் அது பெரிதாக ஒரு சுற்றுச் சுற்றி வரும், தெரிந்தவர்கள் குனிந்துகொள்வார்கள். தபால்காரர் இப்போது அதில் தன் பையை மாட்டிவிட்டுத்தான் கடிதத்தைத் தேடுகிறார். மனைவி சொன்ன சொல் தவறாதவர். மெஷின் ஷெட்டுக்கே திரும்பிப் போனது.

மச்சான் கிளம்பிப் போனதும் ஸ்பார்க்கு நோட்டைத் திறந்தார். கோளாறு என்ற கட்டத்தில் அன்றைக்கு என்ன எழுதுவது? ஒரு கோடு போட்டு, "இல்லை. பிரமாதமாக ஒட்டியது" என்று எழுதினார். காரணக் கட்டத்துக்கு வந்தார். நாற்பது பக்கமாகக் காற்றையும் கரண்டையும் அண்டை வீட்டு மோட்டாரையும் சல்லடை போட்டுச் சலித்தவருக்கு, இந்த ஒரு தடவை யோசிக்கவே தேவைப்படவில்லை. அழுத்தமாக எழுதினார்: "என் கை."

தோளுக்குப் பின்னாலிருந்து மனைவி அதைப் படித்தார். "எர்த்தை மேசைக்கால்ல இருந்து எடுத்துக் கேட்டைத் தேச்சு மாட்டினது நான். நேத்து நீங்க கடைக்குப் போனப்போ."

ஸ்பார்க்கு திரும்பிப் பார்த்தார். நியாயஸ்தர்தான்; காதில் விழுந்த ஒரு சாட்சியத்தைப் பதிவு செய்யாமல் விடமாட்டார். மறுபடி குனிந்து, அடுத்த வரியில் கோளாறு என்ற கட்டத்தில் "கேட் மேசையோடு ஒட்டிக்கொண்டது" என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் எழுதினார்: "மனைவி எர்த்தை மாற்றியது."

சிரிப்பு வருகிறதா? வரட்டும். படிக்கும்போது உங்கள் மைத்துனரோ மேலதிகாரியோ மாமனாரோ நினைவுக்கு வந்திருப்பார். இதை அவரிடம் படிக்கக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்திருப்பீர்கள். கொடுங்கள். ஆனால் அவரும் இதைப் படித்துவிட்டு யாரிடம் கொடுக்கலாம் என்று யோசிப்பார் அல்லவா, அப்போது அவர் கண் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். போன வாரம் பஸ்ஸைத் தவறவிட்டதற்கு எது காரணம்? கடிகாரம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்கு?

எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. இதில் எங்காவது உங்களுக்குச் சிரிப்பு வராமல் போயிருந்தால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வெளிச்சம் போதவில்லை. வந்திருந்தால், என் கை.